குதிரைக்குக் கீழே கிடந்தவன்

சந்தியாகப்பர் திருவிழாவின் கொடி இறங்கிய மறுநாள் காலையில், முள்ளிக்கரையின் எல்லா வீட்டுத் தகரங்களிலிருந்தும் குதிரைக்குக் கீழே கிடந்தவன் காணாமல் போயிருந்தான். அதை முதலில் பார்த்தவள் ஊர்த் தலைவர் கயத்தானின் பெண்சாதி மதலேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனவள், குதிரையின் கால்கள் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினாள். முந்தானையால் தகரத்தைத் துடைத்தும் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, அடுத்த வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த தெரேசிடம், "ஏ புள்ள, உங்க வீட்டுத் தகரத்துல அவன் இருக்கானான்னு பாரு" என்றாள். தெரேசு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல மதினி, எங்க போயிருப்பான்?" என்றாள், ஆட்டுக்குட்டியைத் தேடுகிறவள் கேட்பதுபோல.

அந்தக் கடற்கரையில் தகரம் என்றால் கூரைக்குப் போடுகிற தகரம் அல்ல. புயலில் மாட்டிக்கொண்டவனோ, வள்ளம் கவிழ்ந்து அலையில் கிடந்தவனோ உயிரோடு கரையேறிவிட்டால், அவன் வீட்டார் சந்தியாகப்பருக்கு ஒரு படம் எழுதி வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். எண்ணெய் டின்னை வெட்டி, விரித்து, தட்டையாக அடித்து, அதன்மேல் வண்ணம் தீட்டி, திருவிழாக் கடைகளில் விற்பார்கள். வெள்ளைக் குதிரைமேல் தாடி வைத்த சந்தியாகப்பர் வாளை ஓங்கிக்கொண்டு வருவார், ஒரு மூலையில் கவிழ்ந்த வள்ளமும் அதைப் பற்றிக்கொண்டு எறும்பு மாதிரி மனிதர்களும் தெரிவார்கள், குதிரையின் குளம்புக்குக் கீழே, சிவப்புத் துணி கட்டிய ஒருவன் நெஞ்சு நசுங்கி மல்லாந்து கிடப்பான். அவன் யார் என்று யாரும் கேட்டதில்லை. பங்குச் சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில், அவன் ஆள் அல்ல, நம் பாவம்தான் ஆள் வேஷத்தில் கிடக்கிறது என்று சொன்னார். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள், வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மேலே குதிரையில் இருந்தவரைப் பார்த்தே பேசினார்கள். காலையில் பேசினார்கள், பொழுது சாயும்போது பேசினார்கள், கால்வலியைச் சொன்னார்கள், மருமகளைச் சொன்னார்கள், கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக் கூசியதையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தகரத்திடம் சொன்னார்கள்.

தகரம் இல்லாத வீடு ஊரில் ஒன்றிரண்டுதான் இருந்தது. அதில் ஒன்று அமலோற்பவத்தின் வீடு. அவள் புருஷன் பிலவேந்திரன் கடலிலிருந்து திரும்பி வரவில்லை, அதனால் அங்கே மாட்டுவதற்கு எதுவும் இல்லை. அவன் போன வள்ளம் கயத்தானுடையது. கயத்தான் அமலோற்பவத்தின் கூடப்பிறந்த அண்ணன். வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்தபோது அதில் இருந்தவர்கள் கயத்தான், அப்போது சிறு பையனாக இருந்த அவன் மகன் அருளானந்து, பிலவேந்திரன், மூன்று பேர்தான். அப்பனும் மகனும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்தார்கள். மச்சானைக் கடல் வாங்கிக்கொண்டது என்று கயத்தான் மணலில் விழுந்து புரண்டு அழுதான். பிறகு ஊரிலேயே பெரிய தகரத்தை எழுதச் சொல்லி வாங்கி வீட்டில் மாட்டினான். அன்றிலிருந்து தங்கை வீட்டுக்குக் கயத்தானின் பங்கு மீன் தவறாமல் வந்தது. அமலோற்பவம் அதைக் காயவைத்துக் கருவாடாக்கி, சந்தைக்குச் சுமந்துகொண்டு போய் விற்றுப் பிழைத்தாள். அண்ணன் தன்னைக் கைவிடவில்லை என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

காணாமல் போனவனைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கருவாட்டுக் களத்தில் வலையை விரித்துச் சாளை மீனைக் காயப்போட்டிருந்த இடத்தில், மீனோடு மீனாக ஒருவன் மல்லாந்து கிடந்தான். சிவப்புத் துணி கட்டியிருந்தான். தலைமுடி சுருட்டையாக, வரைந்து வைத்தாற்போல இருந்தது. நெஞ்சு முழுக்கக் குளம்புத் தடம், பெரிய தகரத்துக் குதிரையின் பெரிய தடமும் சின்னத் தகரத்துக் குதிரைகளின் சின்னத் தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. எல்லா வீட்டிலும் கிடந்தது ஒரே ஆள்தான் என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன்மேல் பெயிண்ட் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடித்தன. காயங்களில் ரத்தத்துக்குப் பதில் துரு கசிந்தது.

"எழுந்திரிய்யா, மீன் நசுங்குது" என்றாள் அமலோற்பவம்.

"எழுந்திரிக்கத் தெரியாது, தங்கச்சி" என்றான் அவன்.

அவள் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள். கை விரல்களில் நீலமும் சிவப்பும் ஒட்டிக்கொண்டன. பழைய கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவன் அதையும் படுத்துக்கொண்டே குடிக்கப் பார்த்தான். புரையேறியது. முதுகில் தட்டிக் கொடுத்து, "உட்கார்ந்து குடி, யாரும் மிதிக்க மாட்டாங்க" என்றாள்.

ஊர் கூடியது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு அவன் தகரம் என்று சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, இது கோயில் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லிவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் பட்ட இடத்தில் தோளின் நிறம் கொஞ்சம் கரைந்து வழிந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. ஞானஸ்நானம் ஆனவனா என்று கேட்டார். அவன், ஞானஸ்நானம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், நிறைய வீடுகளில் பேசியிருக்கிறார்கள் என்றான். ஏன் இறங்கி வந்தாய் என்று கயத்தான் கேட்டான்.

"கனம் தாங்கல" என்றான் அவன்.

குதிரையின் கனத்தைச் சொல்கிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பெயர் இல்லாதவனுக்குக் கிடந்தான் என்று பெயர் வந்தது. யார் வைத்தது என்று தெரியாது, ஒரு வாரத்தில் எல்லார் வாயிலும் அதுதான் இருந்தது. சும்மா இருப்பவனுக்குச் சோறு எதற்கு என்ற பேச்சு வந்தபோது, வள்ளம் இழுக்க வரச் சொன்னார்கள். கடலிலிருந்து வரும் வள்ளத்தின் அடியில் உருட்டுக்கட்டை போட்டு, கயிற்றைப் பிடித்து மேட்டுக்கு இழுப்பது வழக்கம். கிடந்தானுக்குக் கயிறு பிடிக்க வரவில்லை. கட்டைக்குப் பக்கத்தில் போய்த் தானே படுத்துக்கொண்டான். வள்ளம் அவன்மேல் ஏறியது, கட்டைமேல் ஏறுவதைவிட எளிதாக வழுக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனது. முதல் நாள் எல்லாரும் பதறிப்போய்ப் புரட்டிப் பார்த்தார்கள், நெஞ்சில் ஒரு கோடு விழுந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒருவன் மட்டும் வலிக்குதா என்று கேட்டான். அதற்கப்புறம் கேட்கவில்லை. உருட்டுக்கட்டைகளை விறகுக்கு வெட்டிக்கொண்டார்கள். கிடந்தான் இருக்கிற கரை என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பொறாமைப்பட்டார்கள்.

அமலோற்பவத்துக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. களத்தின் ஓரத்தில் கருவாடு அடுக்கிவைக்கிற ஓலைக் கொட்டகையில் அவனைத் தங்கச் சொன்னாள். ஆளில்லாத வீட்டுப் பெண்பிள்ளை ஆம்பிளையைச் சேர்த்துக்கொண்டாள் என்று பேசினார்கள், பேசட்டும் என்று விட்டாள். வேலை இல்லாத மத்தியானங்களில் அவனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவன் இரண்டு எட்டு வைப்பான், மேலே பார்ப்பான், ஏதோ வருகிறது என்பதுபோலத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சரிந்துவிடுவான். மேலே காகம்தான் பறந்துகொண்டிருக்கும்.

"என்னை எதுக்குத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிடுதீரு? வந்த அன்னைக்கே கூப்பிட்டீரே?"

"உங்க பேரு எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சு."

எங்கே விழுந்தது என்று அவள் கேட்கவில்லை. மீனைப் புரட்டுகிற வேலை இருந்தது.

அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது மெல்லத்தான் தெரியவந்தது. குழாயடியில் நின்ற ஒரு கிழவனிடம், "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னீங்களே, குறைஞ்சிருச்சா?" என்று கேட்டான். ஒரு பெண்ணிடம், "உங்க தம்பி லெட்டர் போட்டாரா? அழுதுட்டே இருந்தீங்களே" என்றான். முதலில் ஊருக்கு அது இனித்தது. இத்தனை வருஷமாக மேலே இருப்பவரைப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு பதிலும் வந்ததில்லை. கீழே கிடந்தவன் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்திருக்கிறது, விழுந்தது மட்டுமல்ல, அவன் அதை ஞாபகம் வைத்து விசாரிக்கிறான். சில பெண்கள் கொட்டகைக்குப் பலகாரம் செய்து கொண்டுபோனார்கள். அவனும் எல்லாரையும் விசாரித்தான், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் தானாகச் சொன்னதே இல்லை. ஆனால் யாராவது நேராகக் கேட்டுவிட்டால் சொல்லிவிடுவான். தகரத்துக்கு முன்னால் யாரும் பொய் சொன்னதில்லை, அதனால் பொய் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது.

முதலில் கேட்டவள் தெரேசு. அவள் தலைப்பிள்ளை காய்ச்சலில் செத்துப்போயிருந்தது. புருஷன் எஸ்தாக்கிதான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் வர நேரமாகிவிட்டது, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று வந்து சொன்னான். கிடந்தான் களத்தில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தெரேசு கூடையோடு போகிற போக்கில், பொழுதுபோக்காகக் கேட்பவள்போலக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு தகரத்துக்கிட்ட என்னதான் சொல்லுவாரு?"

"கேக்காதீங்க அக்கா."

"சும்மா சொல்லுமய்யா."

அவன் சொன்னான். எஸ்தாக்கி போகிற வழியில் சாராயக் கடையில் நின்றான். ஒரே ஒரு கிளாஸ் என்று நின்றான். பிள்ளையைப் பெஞ்சில் கிடத்தியிருந்தான். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் போகவே இல்லை.

தெரேசு கூடையைக் களத்திலேயே வைத்துவிட்டு, கட்டின சேலையோடு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எஸ்தாக்கி கடல் ஓரத்தில் உட்கார்ந்து, பகல் முழுக்கத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டான்.

அன்றைக்கு ஊரே தன் தன் தகரத்துக்கு முன்னால் போய் நின்று, தான் அதனிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தது. குழாயடியில் பேச்சு நின்றது. புருஷன் பெண்சாதியை உற்றுப் பார்த்தான், மாமியார் மருமகளை உற்றுப் பார்த்தாள், யார் கொட்டகைப் பக்கம் போகிறார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் கவனித்தார்கள். ஒவ்வொருவராகத் தனியே வந்து, என்னைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லாதே என்று கிடந்தானின் காலைப் பிடித்தார்கள். இதுவரை யாருமே தொடாத காலை அப்படிப் பிடிப்பதைப் பார்த்து அவன் பயந்துபோனான். "கேட்டா சொல்லாம இருக்க எனக்குத் தெரியலியே, கேக்க வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றான். போனவர்கள் வீட்டில் தகரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்கள். காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கு மேலே வாள் இன்னும் ஓங்கியபடியே இருந்ததுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு, கோயில் முற்றத்தில் கயத்தான் பேசினான். குரலை உயர்த்தாமல், நிதானமாக, அப்பன் பிள்ளைகளிடம் பேசுவதுபோலப் பேசினான்.

"சந்தியாகப்பர் காலடியில எதிரி கிடக்கணும். அதுதான் முறை. இப்ப அவரு குதிரை அந்தரத்துல நிக்குது. மீன்பாடு குறைஞ்சு போச்சு. நான் யாரையும் குத்தம் சொல்லல. வந்தவனை எடத்துக்கு அனுப்பிவைக்கணும்."

எப்படி அனுப்புவது என்று ஒரு குரல் கேட்டது.

"என் வள்ளத்துல மண் மூட்டை அடுக்குவோம். ஊர் பூரா கயிறு பிடிக்கணும். பாதியில நிறுத்தக் கூடாது. அவன்மேல ஏத்தி, அப்படியே விட்டுருவோம். குதிரை செய்த வேலைதான அது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்பவன், தனக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்று சொன்னதாக ஆகும். அப்புறம் அவனைப் பற்றித்தான் மற்றவர்கள் முதலில் போய்க் கேட்பார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்த முற்றத்தில் கிடந்தானுக்குப் பயப்பட வேண்டாத ஒரே ஆள் அமலோற்பவம்தான். தகரம் இல்லாத வீடு, அவள் சொன்ன எதுவும் அவன் காதில் விழுந்ததில்லை. அவள் அண்ணனைப் பார்த்தபடி நின்றாள். கூட்டம் கலைந்தபோதுகூடக் கயத்தான் தங்கை நின்ற பக்கம் திரும்பவில்லை. மற்ற நாட்களில், கும்பலில் எங்கே நின்றாலும் முதலில் அவளைத்தான் தேடிப் பிடித்து, சாப்பிட்டியா தங்கச்சி என்று கேட்பான். தங்கச்சி என்ற அந்தச் சொல் அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது.

களத்துக்கு வந்தாள். கிடந்தான் வெயிலில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணன் தகரத்துக்கிட்ட என்ன சொல்லுவாரு?"

"நீங்க மட்டும் கேக்காம இருந்தீங்க தங்கச்சி. அப்படியே இருந்துருங்க."

"சொல்லும்."

அவன் மீனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் கயத்தான் கதவைச் சாத்திக்கொண்டு மண்டிபோடுவான். வள்ளம் கவிழ்ந்தது என்று ஆரம்பிப்பான். நானும் பையனும் வள்ளத்தின் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டோம் என்பான். அலையில் மச்சான் வந்து விளிம்பைப் பிடித்தான், மூன்று பேர் கனம் தாங்காமல் வள்ளம் உள்ளே போயிற்று, பையனின் வாய் தண்ணீருக்குள் போயிற்று என்பான். என் கையில் உடைந்த துடுப்பு இருந்தது என்பான். மச்சானின் விரலில் அடித்தேன், விடவில்லை, மறுபடி அடித்தேன், அப்போது மச்சான் ஒன்று சொன்னான் என்பான். அந்த இடத்தோடு நிறுத்திவிடுவான். நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு, என் தங்கச்சி, என் தங்கச்சி என்று அழுவான்.

"என்ன சொன்னாரு? எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"அதை மட்டும் அவரு ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னைக்காவது சொல்லுவாருன்னு காத்துக்கிட்டுக் கிடப்பேன். குதிரை ஒண்ணும் கனமே இல்ல தங்கச்சி. தகரத்துக் குதிரை. எனக்குக் கனத்தது இதெல்லாந்தான்."

அமலோற்பவம் அழவில்லை. வெகு நேரம் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "ஓடிப் போயிரும்" என்றாள். "மேற்க பார்த்து நடந்தா ரோடு வரும். பஸ்ஸு வரும்."

"ரோட்டுக்குப் போய் என்ன செய்ய? அங்கேயும் ஆளுங்க இருப்பாங்க. சொல்லுவாங்க."

ஊர் குறித்த நாளில், கடல் வற்றியிருந்த பிற்பகலில், கிடந்தான் தானாகவே நடந்து கரைக்கு வந்தான். அன்றைக்குத்தான் அவன் ஒருமுறைகூடச் சரியாமல் நடந்தான். வள்ளத்தின் முன்னால், ஈர மணலில் மல்லாந்து படுத்தான். மண் மூட்டைகள் விளிம்புவரை அடுக்கப்பட்டிருந்தன. ஆண்களும் பெண்களும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். எஸ்தாக்கியும் நின்றான். கயிற்றின் தலைப்பில் கயத்தானும், அவனுக்குப் பின்னால் அருளானந்தும். அருளானந்து இப்போது மீசை வைத்த வாலிபன், அத்தையைப் பார்த்தால் அவன் எப்போதும் வேறு தெருவில் திரும்பிவிடுவான்.

அமலோற்பவம் வள்ளத்துக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவரு விளிம்பைப் பிடிச்சிருந்தப்ப நீ எதை வச்சு விரல்ல அடிச்சே? உடைஞ்ச துடுப்பை வச்சா?"

கயத்தானின் கையிலிருந்து கயிறு நழுவியது. அருளானந்து இருந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஊர் அவர்கள் இருவரையும் பார்த்தது, பிறகு கீழே கிடந்தவனைப் பார்த்தது. அவன் சொன்னது நிஜம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒருத்தன் ரகசியம் வெளியே வந்தாயிற்று, இனி மற்றவர்களுடையது எந்நேரமும் வரலாம் என்பதும் விளங்கியது.

கயிற்றின் வால் பக்கத்திலிருந்து, யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு குரல், "ஏலேலோ" என்றது.

மற்றவர்கள் "ஐலசா" என்றார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தியவன் கயத்தான். "வேண்டாம், நிறுத்துங்க, எல்லாம் தெரிஞ்சு போச்சுல்லா!" யாரும் கேட்கவில்லை. அவனும் அவன் மகனும் விட்ட இடத்தில் வேறு கைகள் வந்து கயிற்றைப் பற்றிக்கொண்டன. இரண்டு பெண்கள் அமலோற்பவத்தை இடுப்பில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அழுதுகொண்டேதான் இழுத்தார்கள். வள்ளம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது, மெல்ல அவன்மேல் ஏறியது. கிடந்தான் சத்தம் போடவில்லை. தகரம் மடங்குகிற ஒரு சின்ன ஓசை கேட்டது, நடுவில் நிறுத்தக் கூடாது என்று தலைவர் சொல்லியிருந்தபடியே யாரும் நிறுத்தவில்லை.

பிறகு மூட்டைகளை இறக்கி வள்ளத்தை நகர்த்திப் பார்த்தபோது, மணலில் சிவப்பும் நீலமும் கலந்த ஒரு கறையும் கொஞ்சம் துருவும் இருந்தன. வந்த அலை அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு ஓடியவர்கள் தகரத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பி வந்திருந்தான். எல்லா வீட்டிலும், குதிரையின் குளம்புக்குக் கீழே, பழைய இடத்தில் பழையபடி கிடந்தான். ஆனால் மல்லாந்து கிடக்கவில்லை. குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டிருந்தான்.

ஊருக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மீன்பாடு பெருகியது என்று சொல்லிக்கொண்டார்கள், அப்படி ஒன்றும் பெருகவில்லை. வள்ளம் இழுக்கப் புதிதாக உருட்டுக்கட்டை வெட்டினார்கள். சில நாள் கழித்து, விளக்கேற்றி வைத்துத் தகரத்துக்கு முன்னால் வாயைத் திறந்தவர்கள், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் எழுந்துபோனார்கள். மேலே இருந்தவர் வழக்கம்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருநாளும் இவர்களைப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. காலிப் பானைக்குள் பேசினால் திரும்பி வருவதுபோலச் சொன்னது சொன்னவர்களிடமே திரும்பி வந்தது. தூக்கத்தில் உளறுகிறவர்கள் ஊரில் அதிகமானார்கள். பெண்சாதி கேட்டுவிடுவாளோ என்று சிலர் வள்ளத்திலேயே போய்ப் படுத்தார்கள். தெரேசு திரும்பி வரவில்லை.

கயத்தான் வெள்ளிக்கிழமை மண்டிபோட்டான். வள்ளம் கவிழ்ந்தது என்று ஆரம்பித்தான். காதைப் பொத்தியவனின் முதுகைப் பார்த்தான். அடுத்த சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. எச்சில் விழுங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. மதலேன் வைத்தியரைக் கூட்டிவந்து காட்டினாள், தொண்டையில் ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். ஆள் பாதியாய் இளைத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, தங்கையின் களத்துக்கு வந்தான்.

அமலோற்பவம் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அது அவளே சந்தையில் வாங்கிய மீன். அண்ணன் வீட்டிலிருந்து வந்ததை அவள் வாசலிலேயே காகத்துக்குப் போட்டுவிடுவாள். அவன் அவளுக்கு எதிரே, உப்புப் பூத்த தரையில் உட்கார்ந்தான்.

"வள்ளம் கவிழ்ந்துச்சு" என்று ஆரம்பித்தான்.

அவள் கை நிற்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான், அடிமரத்தைச் சொன்னான், பையனின் வாய் தண்ணீருக்குள் போனதைச் சொன்னான், துடுப்பைச் சொன்னான், முதல் அடியைச் சொன்னான், இரண்டாவது அடியைச் சொன்னான். அந்த இடத்தில் நின்றான்.

"அவரு என்ன சொன்னாரு?" என்றாள் அமலோற்பவம்.

கயத்தான் உப்புத் தரையில் கையை ஊன்றிக்கொண்டான்.

"'பையன் வழுக்குறான் மச்சான், அவனைப் பிடி' அப்படின்னான்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். "வள்ளத்துல ஏற வாரான்னு நெனச்சேன் தங்கச்சி. அவன் ஒரு கையால விளிம்பைப் பிடிச்சுட்டு, மத்தக் கையால தண்ணிக்குள்ள அருளானந்தைத் தூக்கிக் குடுத்துட்டு இருந்திருக்கான். பையன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிட்டு இருந்திருக்கான். அது எனக்கு அவன் போன பிறகுதான் தெரிஞ்சுது."

"அருளானந்துக்குத் தெரியுமா?"

"தெரியும். அவன் முழிச்சுட்டுத்தான் இருந்தான். அன்னையிலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை முகம் பார்த்துப் பேசினதில்ல."

அமலோற்பவம் கையிலிருந்த மீனை வைத்தாள். அவள் முகத்தைக் கயத்தானால் பார்க்க முடியவில்லை, தரையையே பார்த்தபடி விம்மினான். தொண்டையிலிருந்த முள் போயிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எச்சில் விழுங்கினான், அது இறங்கியது. தன் கனமெல்லாம் இறங்கிவிட்டதுபோல அவனுக்கு இருந்தது. எழுந்து தங்கையைக் கும்பிட்டுவிட்டு, தள்ளாடிக்கொண்டு போகத் திரும்பினான்.

"அண்ணே" என்றாள் அவள்.

நின்றான்.

"வர்ற வெள்ளிக்கிழமையும் வா. வந்து இங்க உட்கார்ந்து முதல்லயிருந்து சொல்லு."

"அதான் சொல்லிட்டேனே தாயி, எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

"மறுபடி சொல்லு. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் சொல்லு. அருளானந்தையும் கூட்டிட்டு வா, அவன் பார்த்ததை அவன் சொல்லட்டும்."

"எதுவரைக்கும் தங்கச்சி?"

அவள் குனிந்து, புரட்டாமல் விட்ட மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினாள். கயத்தான் வெயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு மகனைத் தேடிக்கொண்டு கரைப் பக்கம் நடந்தான்.